பரந்தன் பக்கத்து அரிசி ஆலையில் ஆறு சுவிட்ச் ரிங்: பூட்டியதும் அறுத்துப் பார்த்ததும்

பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவு போகிற ஏ35 வீதியோரம், புழுங்கல் அரிசி போடுகிற ஒரு ஆலை. இரணைமடுத் தண்ணீரில் விளைகிற காலபோக நெல் மாசி, பங்குனியில் லொறி லொறியாக வந்து இறங்கும்போது அங்கே இரவு பகல் கிடையாது. ஊறிய நெல்லை நேரத்துக்கு அவிக்காவிட்டால் புளித்து மணக்கும். அவித்ததை நேரத்துக்குக் காயவைக்காவிட்டால் அரிசியின் நிறம் போய்விடும். உலர்த்தியும் பொயிலரும் கட்டுப்பாட்டறையோடு பேசுகிற கம்பி அறுந்தால் நட்டம் மூட்டைக் கணக்கில் வரும்.

முன்பு இருந்தது, கட்டடத்துக்குக் கட்டடம் வெளியே தொங்கிய செப்பு நெற்வேர்க் வயரும் ஐந்து பிளாஸ்ரிக் சுவிட்சும் (நெற்வேர்க் வயர்களை ஒன்றாக இணைக்கிற பெட்டி; லைட் சுவிட்ச் இல்லை). ஒன்றிலிருந்து மற்றது, அதிலிருந்து அடுத்தது என்று சங்கிலியாக இழுத்திருந்தார்கள். நடுவில் ஒன்று செத்தால் அதற்கு அப்பால் உள்ள எல்லாம் இருட்டு. ஐப்பசி இடி தொடங்கினால் வருடத்துக்கு இரண்டு, மூன்று சுவிட்ச் கருகும். கூடவே பிஎல்சியின் (இயந்திரங்களை ஓட்டுகிற கட்டுப்பாட்டுக் கணினி) ஈதர்நெற் வாசலும் போகும். கட்டடங்களுக்கு இடையே செப்பு வயர் போனால் அது நெற்வேர்க் வயர் மட்டுமில்லாமல், இரண்டு எர்த்தை இணைக்கிற பாலமும் ஆகிவிடும். பக்கத்துத் தென்னையில் இடி விழுந்தால்கூட இரண்டு எர்த்துக்கும் இடையில் எழும்புகிற வோல்ற்று அந்த மெல்லிய வயரால்தான் ஓடும்.

அதனால் முதல் முடிவு: கட்டடத்துக்கு வெளியே செப்பு இல்லை, வெளிச்சத்தில் டேற்றா அனுப்புகிற கண்ணாடி இழைக் கேபிளான பைபர் மட்டும். இரண்டாவது: சங்கிலியின் இரண்டு நுனியையும் சேர்த்து ரிங், அதாவது வட்டம், ஆக்குவது; ஓரிடத்தில் அறுந்தால் மற்றப் பக்கத்தால் போகலாம்.

பெட்டிகள் ஆறு. 1 கட்டுப்பாட்டறை. 2 லொறித் தராசும் நெல் கொட்டுகிற குழியும். 3 ஊறல் தொட்டிகள். 4 உலர்த்தி. 5 உமி பொயிலர். 6 அரைக்கிற மண்டபமும் பொதியிடலும். தூரம் 1–2 140 மீற்றர், 2–3 210, 3–4 90, 4–5 60, 5–6 120, 6–1 170. சுற்று மொத்தம் 790 மீற்றர்.

ஒவ்வொரு பெட்டிக்கும் காற்றாடி இல்லாத, 35 மில்லிமீற்றர் தண்டவாளத்தில் பூட்டுகிற சுவிட்ச் ஒன்று: ஆறு செப்பு வாசல், இரண்டு எஸ்எஃப்பி வாசல் (பைபரில் வெளிச்சம் அனுப்பி வாங்குகிற சிறு செருகிதான் எஸ்எஃப்பி), 24 வோல்ற்று உள்ளீடு இரண்டு, பிழை காட்டுகிற ரிலே ஒன்று. காற்றாடி உள்ளது எதுவும் உமித் தூசிக்குள் ஒரு போகம் தாங்காது. எஸ்எஃப்பியையும் தொழிற்சாலைத் தரத்திலேயே, மைனஸ் 40 முதல் 85 பாகை வரை தாங்குவதாக வாங்கவேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கிறது 70 பாகை வரைதான். உலர்த்திப் பக்கத்துப் பெட்டிக்குள், கதவு மூடிய நிலையில், சித்திரை வெயிலில் அந்த 70க்கும் நிசமான சூட்டுக்கும் இடையில் மிச்சம் அதிகம் இராது.

பைபர் ஒற்றை முறை (வெளிச்சம் ஒரே வழியில் போகிற மெல்லிய இழை), தரம் ஜி.652.டி, 12 இழை. 800 மீற்றருக்குள் பல்முறை இழையும் போதும்தான். ஆனால் வன்னியில் வீடுகளுக்கு இணையம் இழுக்கிற ஆக்களிடம் ஒட்டுகிற இயந்திரமும் உதிரியும் இருப்பது ஒற்றை முறைக்கு. அறுந்த அன்று இரவே ஆள் வரவேண்டுமென்றால் ஊரில் புழங்குகிற சாமானையே போடவேண்டும். எஸ்எஃப்பி 1310 நானோமீற்றர், 10 கிலோமீற்றர் வகை. "கூடத் தூரம் போறதே நல்லது" என்று 80 கிலோமீற்றர் வகையை வாங்கவேண்டாம். அது அனுப்புகிற வெளிச்சம் 0 டிபிஎம்முக்கு (வெளிச்சப் பலத்தின் அளவு; மைனஸ் கூடக்கூட மங்கல்) மேலே. 200 மீற்றரில் எதிர்ப்பக்கத்தின் கண் கூசிப் பிழை கொட்டும், சிலவேளை நிரந்தரமாகவே பழுதாகும்.

இரண்டு பாதை என்று எதைச் சொல்வது

முதல் வரைபடத்தில் பெட்டி 1லிருந்து வெளியேறுகிற இரண்டு கேபிளும் (2க்குப் போவதும் 6க்குப் போவதும்) நெல் காயவைக்கிற சீமெந்துக் களத்தின் ஓரமாக 35 மீற்றர் ஒரே கிடங்கில் போயின. தோண்டுகிற செலவு மிச்சம். ஆனால் ஒரு பெக்கோ வாளி அந்த 35 மீற்றருக்குள் விழுந்தால் இரண்டும் ஒன்றாக அறும், கட்டுப்பாட்டறை தனித்துப்போகும். ரிங்கில் ஒரு முறிவைத் தாங்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு முறிந்தால் இடையில் உள்ளவை எல்லாம் போய்விடும். காகிதத்தில் வட்டமாகத் தெரிகிறதை நம்பாமல், கால்நடையாக முழுச் சுற்றையும் நடந்து, இரண்டு கேபிளும் எங்கெங்கே ஒரே குழாய், ஒரே சுவர்த் துளை, ஒரே கூரைக் கைமரம் என்று குறித்துக்கொள்வதுதான் முதல் வேலை.

முடிவில் 1–2 கிடங்கு வழி போனது. 6–1 அரைக்கிற மண்டபத்தின் கூரைக் கைமரம் வழி வந்து, உலோகம் இல்லாத தன்தாங்கிக் கேபிளாக முற்றத்தைக் கடந்தது. லொறி, உமி ஏற்றிய ட்ரெயிலர், அதன் மேலே நிற்கிற ஆள் எல்லாவற்றையும் கணக்கெடுத்து 6 மீற்றர் உயரம். குரங்கும் அணிலும் உள்ள இடம். எந்தக் கேபிளையும் மரத்தில் கட்டவில்லை.

கிடங்கு 750 மில்லிமீற்றர் ஆழம், 32 மில்லிமீற்றர் எச்டிபிஈ குழாய், அதற்கு 300 மில்லிமீற்றர் மேலே மஞ்சள் எச்சரிக்கை நாடா. லொறி கடக்கிற இடத்தில் ஒரு மீற்றருக்கு இறக்கி மேலே கொங்கிறீற் பலகை. ஆவணி, புரட்டாதியில் இந்த மண் அலவாங்கை எதிர்த்து மணியடிக்கும். முதல் மழைக்குப் பிறகு தோண்டினால் பாதி நேரம் போதும். ஆனால் மார்கழிக்கு முன் மூடிவிடவேண்டும். குழாயின் இரு வாயையும் நுரை அடித்து மூடாமல் விட்டால் எலியும் எறும்பும் அதையே வீதியாக்கும், வெள்ளம் பெட்டிக்குள் ஏறும். ஆலையின் பின்வேலிப் பக்கம் பற்றைக் காடு. அந்தப் பக்கம் மண்வெட்டி வைக்க முன்பு, காணி கண்ணிவெடி அகற்றிய பகுதியா என்று கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிப்படுத்தப்பட்டது. இங்கே எந்தக் கிடங்கு வேலைக்கும் இது முதல் வரி. சந்தேகமான இரும்பு தெரிந்தால் தொடாமல், அடையாளம் வைத்து, பொலிஸுக்கு அறிவிக்கவேண்டும்.

கேபிளின் காப்பு கண்ணாடி நூல் வகை. இரும்புக் கவசம் உள்ள பைபர் எலிக்கு நல்லதுதான்; ஆனால் இரு முனையிலும் அந்தக் கவசத்தை எர்த்தோடு கட்டினால், செப்பைக் கழற்றியதன் பலன் போய்விடும். இடி மறுபடி கட்டடம் மாறி ஓட வழி கிடைத்துவிடும்.

எர்த்துக்கு ஒவ்வொரு கட்டடத்திலும் 4 அடிச் செப்புப் பூச்சுத் தண்டு மூன்று, 8 அடி இடைவெளியில். அளந்தது ஆவணியில். மார்கழியில் அளந்தால் எல்லா எர்த்தும் நல்ல எர்த்துதான். 230 வோல்ற்றுப் பலகையில் மிகையழுத்தக் காப்பு. அதற்குப் போகிற வயரும் அதிலிருந்து எர்த்துக்குப் போகிற வயரும் சேர்ந்து 50 சதமமீற்றருக்குள். நீளமாக வளைத்து அழகாகக் கட்டின வயர், இடி நேரத்தில் தன் நீளத்திலேயே வோல்ற்றைத் தேக்கிவைக்கும்.

பச்சை முனை, நீல முனை

ஒவ்வொரு துண்டுக்கும் எவ்வளவு வெளிச்சம் குறையலாம் என்று முதலே எழுதிவைத்தால் பிறகு வாதம் வராது. நீளமான 2–3க்கு: இழை 0.21 கிலோமீற்றர், கிலோமீற்றருக்கு 0.35 டெசிபெல் என்றால் 0.07. ஒட்டு இரண்டு, ஒன்றுக்கு 0.1. இணைப்பு முனை இரண்டு, ஒன்றுக்கு ஆகக்கூடியது 0.5. மொத்தம் 1.3க்குக் கிட்ட. எஸ்எஃப்பி மைனஸ் 6 டிபிஎம்மில் அனுப்பினால் அடுத்த பக்கம் மைனஸ் 7.3 அளவில் காட்டவேண்டும். சுவிட்சின் மெனுவிலேயே இந்த அளவு தெரியும். மீற்றர் தனியே தேவையில்லை.

6–1இல் மைனஸ் 13.8 காட்டியது. சுவிட்சில் பச்சை லைட், இணைப்பு உண்டு, டேற்றாவும் போகிறது. பலர் இதில் பெட்டியை மூடிவிட்டுப் போய்விடுவார்கள். காரணம் பார்த்தால், முடிப்புப் பெட்டியில் போட்டிருந்த ஒரு வால் இழை (ஒரு நுனியில் முனை பூட்டி வருகிற குட்டைத் துண்டு) பச்சை முனை. வீட்டு இணையத்துக்குப் பாவிப்பது அதுதான். முகம் 8 பாகை சரிவாகத் தீட்டியிருக்கும். எஸ்எஃப்பிக்குப் போவது நேராகத் தீட்டிய நீல முனை. பச்சையும் நீலமும் ஒரே இணைப்பானுக்குள் கிளிக் என்று பூட்டுப்படும், ஆனால் இரண்டு முகமும் தொடாது. இடையில் காற்று. பலமாகத் தள்ளினால் இரண்டு முகத்திலும் கீறல். வாலை மாற்றிய பிறகு மைனஸ் 7.1.

அரைக்கிற மண்டபத்துப் பெட்டியில் இன்னொரு தொல்லை தவிடு. தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. முனையில் பட்ட தவிட்டுத் தூசியை உலர் துணியால் துடைத்தால் எண்ணெய் ஒரு படலமாகப் பரவும்; நுணுக்குக்காட்டியில் பார்த்தால் நிலவைச் சுற்றிக் கோட்டை கட்டினதுபோல் தெரியும். 99 வீத ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்ட, நூல் உதிராத தாளில் ஒருமுறை, உடனே உலர்ந்த தாளில் ஒருமுறை, பிறகு மறுபடி பார்க்கவேண்டும். மூடியைக் கழற்றிய எந்த முனையையும் ஆலை ஓடும்போது மேசையில் வைக்கக்கூடாது.

கரண்டுக்கும் இரண்டு வழி

இரண்டு உள்ளீடு உள்ள சுவிட்சை வாங்கி, ஒரே பவர் சப்ளையிலிருந்து இரண்டுக்கும் பாலம் போட்டு, இரண்டு லைட்டும் பச்சை எரிகிறது என்று சந்தோசப்படுவது வழமையான கூத்து. இங்கே ஒவ்வொரு பெட்டியிலும் 24 வோல்ற்று 5 அம்பியர் சப்ளை இரண்டு, இரண்டு வேறு பிரேக்கரிலிருந்து. இரண்டாவது சப்ளை டிசி யூபிஎஸ் வழியாக, 12 வோல்ற்று 7 அம்பியர் மணி பற்றரி இரண்டைத் தொடராகக் கொண்டு போகிறது. சுவிட்சும் பக்கத்து ஐஓ தலையும் (இயந்திரத்து வயர்களை பிஎல்சியோடு இணைக்கிற பெட்டி) சேர்ந்து 15 வாற்று. புதுப் பற்றரியில் ஆறு மணித்தியாலம் எதிர்பார்க்கலாம்.

ரிங்கைவிட முக்கியம் இந்தப் பற்றரி. கரண்ட் போய் ஜெனரேற்றர் எடுக்கிற அரை நிமிடத்தில் பெட்டி 3உம் 5உம் ஒன்றாக அணைந்தால், நடுவில் 4 உயிரோடு இருந்தும் யாரும் அதோடு பேச ஏலாது. பைபர் ஒன்றும் அறவில்லை, ஆனாலும் ரிங் இரண்டாக உடைந்துவிட்டது.

ஈயப் பற்றரியின் ஆயுள் 25 பாகைக்கு மேலே ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறத்தாழப் பாதியாகும். 45 பாகைப் பெட்டிக்குள் வைத்தால் நாலு வருடப் பற்றரி ஒரு வருடம். அதனால் உலர்த்தியின் பற்றரி மட்டும் 14 மீற்றர் தள்ளி, களஞ்சியச் சுவரில். 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் இந்தச் சுமைக்கு இழப்பு 0.15 வோல்ற்றுக்கும் குறைவு. பியூஸ் பற்றரி முனையில் இருக்கவேண்டும். சுவிட்ச் முனையில் வைத்தால் இடையில் எலி கடித்த வயர் எரிகிறதை அது தடுக்காது.

கொன்பிகரேஷன்

ஆறு சுவிட்சும் ஒரே தயாரிப்பு என்பதால் எம்ஆர்பி எடுத்தோம்: ஒரு சுவிட்ச் மனேஜராக நின்று ரிங்கில் ஒரு வாசலைத் தடுத்து வைத்து, எங்காவது அறுந்தால் அதைத் திறக்கிற முறை. ஐஈசி 62439-2 தரத்தில் உள்ளது. 50 சுவிட்ச் வரை, ஆகக்கூடியது 200 மில்லிசெக்கனில் மீளும் அமைப்பு இருக்கிறது. பல தயாரிப்பு கலந்த இடமென்றால் அதே வேலைக்குப் பொதுவான முறையான ஆர்எஸ்டிபி. அதைக் குறை சொல்லத் தேவையில்லை, ஆனால் இணைப்பு அறுந்ததை அது எவ்வளவு கெதியாக அறிகிறது என்பதில்தான் எல்லாம். ஜிகாபிற் செப்பில் இணைப்பு இறந்ததை அறிவிக்கவே 750 மில்லிசெக்கன் வரை எடுக்கலாம். நடுவில் மலிவான மீடியா கொன்வேர்ட்டர் (செப்பையும் பைபரையும் இணைக்கிற பெட்டி) இருந்து, பைபர் அறுந்ததை அது செப்புப் பக்கத்துக்குச் சொல்லாவிட்டால், 2 செக்கனுக்கு ஒன்றாக வருகிற ஹலோ ("உயிரோடு இருக்கிறேன்" என்ற செய்தி) மூன்று தவறும்வரை 6 செக்கன் காத்திருக்கும். கொன்வேர்ட்டரை ரிங்குக்குள் விடாததற்கு இதுவே காரணம். ஒரு டேற்றாப் பொட்டலமும் தவறக்கூடாது என்றால் ஐஈசி 62439-3 இன் பிஆர்பி இருக்கிறது: தனித்தனியாக இரண்டு முழு நெற்வேர்க், இரண்டிலும் ஒரே நேரத்தில் அனுப்பி, முதலில் வந்ததை எடுப்பது. உபமின்நிலையத்துக்கு அது சரி. நெல் அவிக்கிற இடத்துக்குச் செலவு அதிகம்.

ஒழுங்கு முக்கியம். பெட்டி 6–1 பைபரைக் கழற்றி வைத்துக்கொண்டே எல்லாம் செய்யப்பட்டது. கொன்பிகர் பண்ணாத சுவிட்சுகளை வட்டமாக இணைத்தால் எல்லாருக்கும் போகிற ஒரேயொரு அகலபரப்புப் பொட்டலம் நிற்காமல் சுற்றிப் பெருகி, லப்டொப்பால் உள்ளே நுழையவே விடாது. சுவிட்சுகளையும் ஒவ்வொன்றாகத்தான் உயிர்ப்பிக்கவேண்டும். தொழிற்சாலையிலிருந்து எல்லாம் ஒரே ஐபியோடு வரும். முதலில் ஆறுக்கும் ஒரே பேர்ம்வேர் (சுவிட்சுக்குள் இருக்கிற மென்பொருள்). பிறகு ஐபி 192.168.10.11 முதல் 16 வரை, பெட்டி இலக்கத்தோடு ஒத்துப்போகிற மாதிரி. வாசல் 7, 8 ரிங் வாசல், அவற்றில் ஆர்எஸ்டிபி நிறுத்தம், பைபரின் தன்னிணக்கம் (இரு முனையும் தாமாகப் பேசி ஒத்துக்கொள்வது) இயக்கத்தில். பெட்டி 1 மட்டும் ரிங் மனேஜர், மற்ற ஐந்தும் கிளையன்ற். ரிங் அடையாள இலக்கம் ஆறிலும் ஒன்று. விலான் (ஒரே வயருக்குள் பிரித்துவைத்த தனி நெற்வேர்க்) 10 கட்டுப்பாடு, 20 கமரா, 99 நிர்வாகம். மூன்றும் ரிங் வாசல்களில் குறியிட்டுப் போகவேண்டும். பாவிக்காத செப்பு வாசல் எல்லாம் மூடல். பாவிக்கிறவற்றில் வளையப் பாதுகாப்பு, ஏனென்றால் யாராவது ஒரு நாள் தொங்குகிற வயரின் இரண்டு நுனியையும் ஒரே சுவிட்சில் சொருகுவார்.

சேமிக்கிற பொத்தானை மறப்பது இந்த வேலையில் ஆகப் பழைய பிழை. எம்ஆர்பியில் அது ஒளிந்தும் நிற்கும். கரண்ட் போய் வந்ததும் ஒரு சுவிட்ச் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பினாலும், மனேஜர் அனுப்புகிற சோதனைப் பொட்டலத்தை அது சாதாரண சுவிட்ச் மாதிரி கடத்திவிடக்கூடும். மனேஜர் "ரிங் மூடி இருக்கிறது" என்றே காட்டும். எங்காவது அறுந்தால்தான் தெரியும்: மற்றவை தங்கள் முகவரி அட்டவணையை உடனே அழிக்கும், இது மட்டும், வழமையான அமைப்பில் 300 செக்கன் வரை, பழைய வாசலுக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். ஆகவே சேமித்த பிறகு ஆறையும் கரண்ட் கழற்றிப் பூட்டி, ஒவ்வொன்றினதும் எம்ஆர்பிப் பக்கத்தைத் திரும்பத் திறந்து பார்க்கவேண்டும்.

சுவிட்சோடு வேலை முடியவில்லை. பிஎல்சிக்கும் உலர்த்தி ஐஓவுக்கும் இடையில் பேசுகிற முறை புரொபிநெற்; குறித்த இடைவெளிக்கு ஒருமுறை டேற்றா போகும், அதுதான் ஒரு சுழற்சி. வழமையான அமைப்பில் மூன்று சுழற்சி தவறினால் ஐஓ "தொடர்பு போச்சு" என்று வெளியீட்டை நிறுத்தும். 2 மில்லிசெக்கன் சுழற்சி என்றால் 6 மில்லிசெக்கன். ரிங் 100இல் மீண்டாலும் அதற்குள் உலர்த்தி நின்றுவிடும். பிறகு ரிங்கைத்தான் திட்டுவார்கள். சூடான காற்றுக்கு 2 மில்லிசெக்கன் எதற்கு? சுழற்சியை 64 ஆக்கி, தவறலாம் என்ற எண்ணிக்கையை 4 ஆக்கினால் 256; 200க்கு மேலே நிற்கிறது. மின்மானிகளும் வேகக் கட்டுப்படுத்திகளும் பேசுகிற முறை மொட்பஸ் டிசிபி. அவற்றுக்குக் காத்திருப்பு 1 செக்கன், மூன்று முறை மறுமுயற்சி.

பொயிலரின் தாழ்நீர் வெட்டும் அமுக்க வெட்டும் இந்த நெற்வேர்க்கில் இல்லை. அவை நேர் வயரில் பேர்னரையும் ஊட்டியையும் வெட்டுகின்றன. எவ்வளவு நல்ல ரிங் என்றாலும் அது அப்படியே இருக்கட்டும்.

அறுத்துப் பார்த்தது

விண்டோஸில் சும்மா பிங் (பதில் கேட்டு அனுப்புகிற சோதனைப் பொட்டலம்) போட்டால் செக்கனுக்கு ஒன்றுதான் போகும். 100 மில்லிசெக்கன் வெட்டு அதன் கண்ணில் படாமலே போகலாம். லினக்ஸ் லப்டொப்பில் ரூட் அதிகாரத்தோடு 10 மில்லிசெக்கன் இடைவெளியில் விட்டால், தவறின எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கினால் வெட்டு நேரம். பெட்டி 1இல் லப்டொப், இலக்கு பெட்டி 6இல் உள்ள ஐஓ. 3–4ஐக் கழற்றியபோது தவறியது 6 முதல் 9 வரை. திரும்பப் பூட்டியபோது 2 முதல் 4. 6–1 தவிர மற்றத் துண்டுகளும் கிட்டத்தட்ட அதே.

இந்த இடத்தில் சோதனை முடிந்தது என்று எழுதியிருந்தால் ஒரு பிழை உள்ளேயே இருந்திருக்கும். 3–4 கழன்றிருந்த நேரம் கமரா திரையில் 4, 5, 6 பெட்டிகளின் படம் மூன்றும் கறுப்பு. பிங் போகிறது, உலர்த்தி ஓடுகிறது, கமரா மட்டும் இல்லை. திரும்பப் பூட்டினால் எல்லாம் வருகிறது. காரணம் பெட்டி 6இன் வாசல் 8இல் விலான் 20ஐச் சேர்க்க விட்டுப்போனது. மனேஜர் தடுத்து வைத்திருப்பது பெட்டி 1இன் வாசல் 8. ஆகவே வழமையான நாளில் 6–1 துண்டால் சோதனைப் பொட்டலம் தவிர ஒன்றும் போகாது. அந்தத் துண்டில் என்ன பிழை இருந்தாலும், விலான் ஆகட்டும் அழுக்கு முனை ஆகட்டும், யாருக்கும் தெரியாது. தெரிகிற அன்று அதுதான் மிஞ்சின ஒரே பாதை. மைனஸ் 13.8 காட்டியதும் இதே துண்டு என்பதை மறக்கவேண்டாம்.

அதனால் சோதனைத் தாள் மாற்றி எழுதப்பட்டது. ஆறு துண்டில் ஒவ்வொன்றையும் கழற்றி, ஒவ்வொரு முறையும் ஐஓ, மின்மானி, கமரா, தராசுக் கொம்பியூட்டர், சுவிட்சின் நிர்வாகப் பக்கம் ஐந்தையும் பார்ப்பது. பிழைப் பொட்டல எண்ணியையும் பூச்சியமாக்கி, ஐந்து நிமிடம் கழித்து வாசிப்பது.

ஒற்றை இழைச் சோதனையும் விடக்கூடாது. இரண்டு இழையில் ஒன்றை மட்டும் கழற்றினால் இரு முனையும் இணைப்பை இழக்கவேண்டும். 2–3இல் ஒரு முனை மட்டும் இறந்து, மற்ற முனை பச்சையாகவே நின்று, கேட்காத பக்கத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தத் துண்டில் தன்னிணக்கம் நிறுத்தப்பட்டிருந்தது. எலி கடிக்கும்போது இரண்டு இழையையும் ஒன்றாகக் கடிக்கும் என்று உத்தரவாதம் இல்லை.

பெட்டி 5ஐ முழுதாக அணைத்தபோது பொயிலர்த் திரை போனது, 6 தப்பியது. அவ்வளவுதான் ரிங் தரும். அந்தந்தப் பெட்டியிலிருந்து இயந்திரத்துக்குப் போகிற கடைசிச் செப்பு வயரும், பிஎல்சியும் ஒன்றுதான். அவை செத்தால் சுற்றுப்பாதை உதவாது.

யாருக்குத் தெரியவேண்டும்

ஒரு பைபர் அறுந்தால் ஆலை ஒரு மாற்றமும் இல்லாமல் ஓடும். அதுதான் ஆபத்து. மாசியில் அறுந்தது பங்குனியில் இரண்டாவது அறும்வரை யாருக்கும் தெரியாமல் கிடக்கும். பெட்டி 1இன் பிழை ரிலேயை "ரிங் திறந்துவிட்டது", "ஒரு சப்ளை இல்லை" இரண்டுக்கும் விழுகிற மாதிரி வைத்தோம். மற்ற ஐந்தின் ரிலேயும் தத்தமது ஐஓவின் உள்ளீட்டுக்கு. எல்லாம் நல்ல நிலையில் மூடியிருக்கிற தொடுகை. ரிலேக்குப் போகிற வயர் அறுந்தாலும் பிழை என்றே காட்டும்.

லைட்டை கட்டுப்பாட்டறையில் வைக்கவில்லை. இரவில் அங்கே ஆள் இல்லை. தராசு அறையில்தான் எப்போதும் ஒருவர் இருப்பார். மணி வைக்கவில்லை, மணி வைத்த இடங்களில் எல்லாம் இரண்டாம் கிழமை வயர் கழற்றப்பட்டிருக்கும். செம்மஞ்சள் லைட் ஒன்று, அதற்குக் கீழே கண்ணாடித்தாள் ஒட்டின அட்டை:

"இந்த லைட் எரிஞ்சாலும் மில் ஓடும். ஒண்டையும் நிப்பாட்ட வேண்டாம். ஒரு வயரையும் கழட்ட வேண்டாம். ஆனால் இண்டைக்கே போன் பண்ணிச் சொல்லுங்கோ. எந்தப் பெட்டியில சிவப்பு எரியுது எண்டு பார்த்துச் சொன்னால் இன்னும் நல்லது."

மாதம் ஒருமுறை, ஆலை ஓடுகிற நேரத்தில், 3–4 வாசலை மெனுவில் ஒரு மணித்தியாலம் மூடி வைப்பது. 4, 5, 6 எல்லாம் 6–1 வழியே வரவேண்டி வரும். லைட் எரிகிறதா, யாராவது போன் பண்ணுகிறார்களா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். முதல் மாதம் போன் வரவில்லை. தராசு அறையில் நாட்காட்டியை லைட்டுக்கு மேலே மாட்டியிருந்தார்கள். ஆணி இப்போது எதிர்ச்சுவரில்.

உதிரியாக பெட்டி 1க்குள் வைத்திருப்பது: கொன்பிகர் பண்ணாத சுவிட்ச் ஒன்று, ஆறு சுவிட்சின் கொன்பிகரேஷனும் உள்ள நினைவு அட்டை, எஸ்எஃப்பி இரண்டு, நீல முனை பச் கோட் (இரு நுனியிலும் முனை உள்ள குட்டைப் பைபர் வயர்) நாலு, 24 வோல்ற்று சப்ளை ஒன்று, ஒட்டிய அன்று வாசித்த வெளிச்ச அளவு பன்னிரண்டும் எழுதிய தாள். பச் கோட்டின் மூடிகளைக் கழற்றவேண்டாம் என்று தாளின் மேலே சிவப்பில் எழுதியிருக்கிறது.